சாவியை எடுக்கும் முன்: புற்றுநோய் சிகிச்சைக் காலத்தில் வண்டி ஓட்டுவது பற்றி

என் அப்பா பிறையில் இருந்து கெடாவுக்கும் பெர்லிஸுக்கும் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, ஐந்தாவது கெமோவும் ஏறியிருந்த சமயம் அது. ஒரு நாள் காலையில் பட்டர்வொர்த் வீட்டு வாசலில் இருந்து தன் புரோட்டோன் சாகாவை ரிவர்ஸ் எடுத்தார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பூச்சட்டி ஒன்றை நசுக்கி, கேட்டில் மோதித்தான் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் போட்டிருந்த ரப்பர் சிலிப்பர் வலது காலில் இருந்து கழன்று, மடிந்து, பிரேக்குக்கு அடியில் செருகிக் கிடந்தது. "கால்லதான் இருக்குன்னு நெனச்சேம்மா" என்றார். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

பின்னால் குழந்தைகள் யாரும் விளையாடவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும்.

கால் விரல்கள் மரத்துப் போவதாக அதற்கு முந்தைய சந்திப்பில்தான் டாக்டரிடம் சொல்லியிருந்தோம். வண்டி ஓட்டலாமா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சாப்பாடு, தூக்கம், வாந்தி எல்லாம் பேசினோம். சாவியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்போதுதான் நோய் தெரியவந்து, சிகிச்சை தொடங்கப் போகிறது என்றால், இந்தப் பேச்சை முதல் வாரமே பேசிவிடுங்கள்.

புற்றுநோய் வந்துவிட்டதாலேயே ஓட்டக்கூடாது என்று கிடையாது. லைசென்ஸ் கையில் இருப்பதாலேயே ஓட்டலாம் என்றும் கிடையாது. ஒரே ஆள் திங்கட்கிழமை ஓட்டலாம், வியாழக்கிழமை ஓட்டக்கூடாது என்று இருக்கலாம். அன்றைக்குக் கால் எப்படி, கண் எப்படி, என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதுதான் கணக்கு.

முதலில், உடனே நிறுத்த வேண்டியவர்கள்

மூளையில் கட்டி உள்ளவர்கள், அல்லது நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் போன்ற இடத்தில் தொடங்கி மூளைக்குப் பரவியவர்கள், டாக்டர் வாயால் "ஓட்டலாம்" என்று கேட்கும்வரை ஓட்டவே வேண்டாம். வலிப்பு ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும் அப்படித்தான். மாத்திரை எடுக்கிறோம், இப்போது வருவதில்லை என்று நாமே முடிவு கட்டக்கூடாது. பிரிட்டனில் வலிப்பு வந்தவர் பொதுவாக 12 மாதம் வலிப்பில்லாமல் இருந்தால்தான் சாதாரண கார் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கு எவ்வளவு காலம் என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலும், ஒரு பக்கப் பார்வை போய்விட்டாலும் நிறுத்துங்கள். பக்கப் பார்வை போனவர்களுக்கு அது போனதே பல நேரம் தெரியாது. கதவு நிலையில் ஒரே தோளை அடிக்கடி இடித்துக்கொள்கிறார், தட்டில் ஒரு பக்கச் சோறு அப்படியே மிஞ்சுகிறது என்றால் வீட்டார் கவனிக்க வேண்டும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்குத் திடீரென்று கால் பலவீனமாவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது வந்தால், கார் பேச்சையே விட்டுவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்பதன் அறிகுறி அது. மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் திரும்பாமல் போகலாம்.

டாக்டரிடம் கேட்பது எப்படி

எங்கள் ஆட்கள் பலர் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போவார்கள். "போலே மெமாண்டு, டாக்டர்?" (ஓட்டலாமா, டாக்டர்?) என்று மலாயில் ஒரு வரி கேட்டாலும் போதும். கேட்டதற்கு "பார்த்து ஓட்டுங்க" என்று பொதுவாகப் பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். இந்த மருந்து தூக்கம் கொடுக்குமா, எத்தனை நாளுக்கு, தையல் எப்போது பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்கும் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சளி மாத்திரை, பார்மசியில் வாங்கிய தூக்க மருந்து, நாட்டு மருந்து எல்லாமே அதில் இருக்கட்டும். அங்குள்ள மருந்தாளரிடமும் காட்டுங்கள். எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர் டேகேர் வார்டில் இருந்த மருந்தாளர்தான்.

நீங்கள் ஓட்டுகிறவர் என்பதையும், எதை ஓட்டுகிறீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கார் வேறு, மோட்டார் வேறு, லோரி வேறு.

மருந்துகள்

மார்ஃபின் மருந்தும், ஃபென்டனில் ஒட்டும் பட்டையும், ஆக்ஸிகோடோன், டிரமடோல் மாத்திரைகளும் ஒரே வலி மருந்துக் குடும்பம். இவற்றை ஆரம்பிக்கும்போதும், அளவைக் கூட்டும்போதும்தான் தூக்கமும் மந்தமும் அதிகம். அந்தச் சமயத்தில் குறைந்தது ஒரு வாரம் ஓட்டாதீர்கள். அளவு நிலைத்து, பகலில் தலை தெளிவாக இருந்தால் பலரும் மறுபடி ஓட்டுகிறார்கள். ஆனால் இடையில் வலி குத்தி, கூடுதலாக ஒரு வேளை குடித்தால் அடுத்த நாலைந்து மணி நேரம் சாவியைத் தொடக்கூடாது. ஃபென்டனில் பட்டை ஒட்டியவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சூடு பட்டால் அதிலிருந்து மருந்து வேகமாக உடம்புக்குள் இறங்கும். பகல் முழுக்க வெயிலில் நின்ற காரில் ஏறி, பட்டையின் மேலும் வெயில் அடித்தால் மருந்து கூடிவிடும். காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான்.

இதைச் சொன்னதும் சிலர், ஓட்ட வேண்டும் என்பதற்காக வலி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வலியில் இருக்கும் மனிதருக்கு ரோட்டில் கவனம் இருக்காது. மருந்தைச் சாப்பிட்டுவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள்.

வாந்திக்குத் தரும் மருந்துகளில் மேக்ஸலோனும் ஸ்டெமெட்டிலும் சிலருக்குத் தூக்கம் தரும். ஓலன்சபின் பலருக்கு மறுநாள் காலைவரை இழுக்கும். நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின், பிரிகாபலின் தலை சுற்ற வைக்கும். கெமோவோடு சேர்த்துத் தரும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு நேர்மாறாக வேலை செய்யும். முதல் இரண்டு நாள் தூங்கவே விடாது. ஆள் சுறுசுறுப்பாகத் தெரிவார், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். அதை நிறுத்திய மூன்றாம், நான்காம் நாள் மொத்தமாகச் சாய்த்துவிடும். சர்க்கரை வியாதி இருந்தால் (நம்மவர்களில் யாருக்குத்தான் இல்லை) ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றி, கண்ணை மங்கலாக்கும். அந்த நாள்களில் சர்க்கரையைப் பார்த்துவிட்டே வெளியே போங்கள்.

கெமோ ஏறும் நாளன்று நீங்களே ஓட்டிக்கொண்டு திரும்புவது வேண்டாம். காரணம் சோர்வு மட்டும் இல்லை. பக்லிடாக்சல் போன்ற மருந்துக்கு முன்னால் ஒவ்வாமை வராமலிருக்க பிரிட்டோன் வகை ஊசி போடுவார்கள். சளிக்கு ஒரு பிரிட்டோன் மாத்திரை சாப்பிட்டால் எப்படித் தூக்கம் வரும் என்று நமக்குத் தெரியும். இது நேரே இரத்தக் குழாயில் போகிறது. பக்லிடாக்சல் கரைந்திருக்கும் கரைசலிலேயே எத்தனால் எனும் மதுசாரமும் உண்டு. குடல் குழாய்ப் பரிசோதனை மாதிரி மயக்க ஊசி போட்டுச் செய்பவற்றுக்குப் பிறகும் 24 மணி நேரம் ஓட்டக்கூடாது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 44ஆம் பிரிவு மதுவை மட்டும் சொல்லவில்லை, மருந்தோ போதைப்பொருளோ எதனாலும் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுவதையும் சேர்த்தே சொல்கிறது. 2020இல் அதற்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை.

காலும் கையும்

அப்பாவுக்குக் கொடுத்தது ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியும் காபெசிடபின் மாத்திரையும், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாள்களுக்குக் குளிர்ச்சியே ஆகாது. ஃபிரிட்ஜில் கை வைத்தால் ஊசி குத்தும். காரில் ஏர்கண்டிஷன் காற்று நேராக விரலில் அடிக்க, ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த கை சுருக்கென்று இழுத்துக்கொண்டது. ஏர்கண்டிஷன் வாயை மேல் பக்கம் திருப்பிவிட்டு, கையில் மெல்லிய பருத்தி உறை போட்டோம். ஓட்டும்போது ஐஸ் போட்ட தண்ணீரும் குடிக்காதீர்கள். தொண்டை இறுகி மூச்சே நின்றதுபோல் ஒரு பயம் வரும். நடு ரோட்டில் அது வரக்கூடாது.

இது சில நாளில் விடும். விடாமல் தங்குவது மரத்துப்போதல்தான். ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், பக்லிடாக்சல், டோசிடாக்சல், வின்கிரிஸ்டின், போர்டிசோமிப் எல்லாம் விரல் நுனி நரம்புகளைத் தாக்கும். பிளாட்டின் வகை மருந்தில் கெமோ முடிந்த பிறகும் சில மாதம் மரத்துப்போதல் கூடிக்கொண்டே போகலாம். கடைசி கெமோ முடிந்துவிட்டது, இனிமேல் நல்லாகும் என்று அந்த வாரமே சாவியை எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்வதே பாதம்தான். அது வாய் மூடிவிட்டால் கண்ணால் பார்த்து ஓட்ட முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறோம். கால் பிரேக்கைத் தேட ஒரே ஒரு வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டாலும், ஐந்து சாகாவை வரிசையாக நிறுத்திய தூரம் போய்விடும்.

வீட்டில் நாங்கள் பண்ணிய சோதனையைச் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலைப் பிடித்து மேலேயோ கீழேயோ லேசாக அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்பேன். பத்துக்கு ஏழு தடவைதான் சரியாகச் சொன்னார். அப்புறம் இரண்டு செங்கல்லைத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பார்க்காமல் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் காலை மாற்றச் சொன்னேன். இரண்டு தடவை இடையில் இறங்கியது. இதெல்லாம் மருத்துவப் பரிசோதனை ஆகாது. ஆனால் அப்பா தானே "வேணாம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொன்னது அந்தச் செங்கல்லைப் பார்த்துத்தான். முறைப்படி தெரிய வேண்டுமென்றால் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கேளுங்கள்.

சிலிப்பர் போட்டு ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கால் மரத்தவருக்கு மெல்லிய அடிப்பாகம் உள்ள, கயிறு கட்டிய கன்வாஸ் சப்பாத்துதான் சரி. காபெசிடபினால் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தால், ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

அறுவை, கழுத்து, சீட் பெல்ட்

வயிறு திறந்து செய்த அறுவை என்றால் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். நாள் கணக்கைவிட, அவசரத்துக்கு பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும்போது தையல் பயமுறுத்துகிறதா என்பதுதான் அளவு. நின்ற காரில் மிதித்துப் பார்க்கலாம். மார்பக அறுவையோடு அக்குள் நெறிக்கட்டியும் எடுத்தவர்கள் கையைத் தோளுக்கு மேல் தூக்கி, ஸ்டேரிங்கை முழுசாகத் திருப்ப முடிந்த பிறகு பார்க்கலாம்.

வாய்ப் புற்றுநோய் மலேசியாவில் இந்தியர்களிடம்தான் அதிகம். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். கழுத்து அறுவையும் கதிர்வீச்சும் முடிந்தவர்களுக்குக் கழுத்து விறைத்து, தோள் திரும்பாமல் போகும். லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது அவர்களால் முடியாது. கூடுதலாக ஒட்டும் வட்டக் கண்ணாடி உதவும் என்றாலும், அதை மட்டும் நம்பி ஹைவேயில் போகாதீர்கள். பிசியோ பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.

கெமோ ஏற்ற மார்பில் தோலுக்கு அடியில் வைக்கும் கெமோபோர்ட்டின் மேல் சீட் பெல்ட் உரசினால் மெல்லிய துணி ஒன்றை மடித்து வையுங்கள். தடித்த தலையணை வேண்டாம், அது பெல்ட்டைத் தளர்த்திவிடும். வயிற்றில் மலம் சேரும் பை வைத்தவர்கள் பெல்ட்டின் கீழ்ப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் தாழ்த்திப் போடுங்கள். போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கெமோவில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சின்ன இடியும் உள்ளே பெரிய இரத்தக்கசிவாகலாம்.

மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு

கப்சாய் மோட்டாரில்தான் நம் ஆட்களில் பாதிப் பேர் வேலைக்கும் கிளினிக்குக்கும் போகிறார்கள். அதனால் தனியாகச் சொல்கிறேன்: கெமோ ஓடும் மாதங்களில் மோட்டாரை நிறுத்தி வைத்துவிடுங்கள். வலது பாதத்தில் பின் பிரேக், இடது பாதத்தில் கியர், வலது கையில் முன் பிரேக். மரத்த காலும் கையும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. விழுந்தால் பாதுகாக்கச் சுற்றிலும் தகரம்கூடக் கிடையாது. காரில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

தீவுக்குப் போய் வருவது

எங்கள் வீடு பட்டர்வொர்த்தில், மருத்துவமனை தீவில். பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலின் மேலே. ஏறிவிட்டால் பாதியில் திரும்ப வழியில்லை. தலை சுற்றுகிறது, வயிற்றைக் கலக்குகிறது என்றால் பிறை டோலுக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு என்றால் வார நாள்களில் தினமும் போக வேண்டும். வாரம் போகப் போகச் சோர்வு ஏறும், தூங்கினாலும் அது போகாது. முதல் வாரம் தெம்பாக ஓட்டியவர் நான்காம் வாரம் டிராஃபிக் லைட்டில் கண் சொருகுவார்.

நாங்கள் ஒரு காலண்டர் போட்டோம். கெமோ நாளும் அடுத்த நான்கு நாளும் சிவப்பு மையில் வட்டம், ஓட்டுவது நான் அல்லது தம்பி. இரண்டு பேருக்கும் வேலையென்றால் கிராப். சோர்வு குறைந்த மூன்றாம் வாரத்தில் ஃபெரி. இப்போது அதில் கார் ஏறாது, ஆளும் மோட்டாரும் மட்டும்தான். இறங்கியதும் ஜெட்டியில் ரேபிட் பினாங் பஸ். கூட்ட நேரத்தில் நின்றுகொண்டே போக முடியாதவரை ஏற்றாதீர்கள். காலை பதினொரு மணி அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்கலாம், கேட்டால் கொடுக்கிறார்கள். காசு கஷ்டம் என்றால் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள். மக்னா எனும் தேசியப் புற்றுநோய் மன்றமும் வசதி குறைந்த நோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது.

ஓட்டுவதே பிழைப்பு என்றால்

லோரிக்கு ஜிடிஎல், பஸ், டாக்சி, கிராப் ஓட்ட பிஎஸ்வி. இந்த லைசென்ஸுகளுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. நோயை மறைத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். பின்னால் வண்டியில் இருப்பவர்கள் உங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள், இன்சூரன்ஸும் பிறகு கேள்வி கேட்கும். சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்தவர் இனி வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டால், அது வேலையால் வந்த நோயாக இல்லாவிட்டாலும் இயலாமைத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இது தெரியாமலே போகிறது.

திரும்ப ஓட்டும்போது

அப்பாவிடம் சாவியை நான் பிடுங்கவில்லை. "இது தற்காலிகம், டாக்டர் சொன்னதும் நீங்கதான் ஓட்டணும்" என்று அவர் முன்னாலேயே சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். ஓட்டுவது அவருக்குத் தொழில் மட்டுமில்லை, தன்னால் குடும்பம் நகர்கிறது என்ற எண்ணமும் அதில்தான் இருந்தது. அதனால் கார் கழுவுவது, டயர் காற்றுப் பார்ப்பது, ரோட் டேக்ஸ் கட்டுவது எல்லாவற்றையும் அவரிடமே விட்டோம்.

கடைசி கெமோ முடிந்து ஐந்தாவது மாதம் டாக்டர் சரி என்றார். அன்றைக்கே பாலம் ஏறிவிடக்கூடாது. முதலில் கண். பிரிட்டனில் 20 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி, நாங்களும் தெருவில் அதை அளந்து வைத்துப் பார்த்தோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை, காலியாகக் கிடந்த ஒரு கார் பார்க்கில் முன்னும் பின்னும் அரை மணி நேரம். நான் திடீரென்று "நிறுத்துங்க" என்பேன், அவர் மிதிப்பார். அடுத்த வாரம் தாமானுக்குள், கடைவரைக்கும். இரண்டு வாரம் கழித்துப் பத்து மணிக்கு மேல், மழையில்லாத நாளில், தெரிந்த ரோட்டில் இருபது நிமிஷம். ரேடியோ கிடையாது, ஃபோன் பின் சீட்டில். ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகப் படுக்கப் போனால், அந்தத் தூரம் இன்னும் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஓட்டுவதைக் கடைசிக்குத் தள்ளினோம்.

பாலம் ஏறியது இரண்டரை மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை. கன்வாஸ் சப்பாத்தின் கயிற்றை இரண்டு தடவை கட்டினார். பிறை டோலுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, கால் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "டச் என் கோ கார்ட எடும்மா" என்றார்.